வெளியூர்க்காரர் பக்கம்

செப்டம்பர் 4

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

நலம்தானே? இங்கே நானும் நலம். வலது முழங்கால் மட்டும் படியேறும்போது ஏதோ முனகுகிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படி எதற்கு என்று அதுவும் கேட்கிறது போல.

"எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. வாயால சொன்னதை அப்புறம் சொல்லவே இல்லைம்பீங்க" என்று போனை வைத்துவிட்டாய். அதனால் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். என் கையெழுத்து எனக்கே புரியவில்லை, நீ பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். எங்கள் ஃபுட்பால் டீம் மேல் பிரிவுக்கு ஏறிவிட்டது. இத்தனை வருஷமாகப் பக்கத்து ஊர்களோடு மட்டுமே முட்டி மோதிக்கொண்டிருந்தவர்கள், இந்த சீசனில் உன் ஊருக்கு ஆட வருகிறார்கள். அதுவும் ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம். உன் ஊரில் இரண்டு கிளப் இருக்கிறது, உனக்குத் தெரியுமோ என்னவோ. அக்டோபர் கடைசிப் புதன்கிழமை துறைமுகக் கிளப்போடு. அடுத்து வருகிற சனிக்கிழமை பெரிய கிளப்போடு.

நடுவில் ஊருக்குத் திரும்பி வந்து மறுபடி பஸ் ஏறுவது என் முழங்காலுக்கு ஒத்துவராது. உன் வீட்டு முன்னறையில் ஒரு சோபா இருப்பதாக நம் குட்டி சொன்னாள். அந்த மூன்று நாலு நாள் அதில் படுத்துக்கொள்ளலாமா? சாப்பாடு வெளியே பார்த்துக்கொள்கிறேன். என்னால் ஒரு தொந்தரவும் இருக்காது. பதில் போடு.

இப்படிக்கு,
குட்டி அப்பா


செப்டம்பர் 11

குட்டியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "அன்புள்ள" போடவில்லை என்று குறைப்பட வேண்டாம். நிலவரம் தெரிந்த பிறகு போடலாமா என்று பார்க்கிறேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. வீட்டு உபயோகப் பொருள் கடையில் ரிட்டர்ன்ஸ் கவுண்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் முன்னால் வந்து நிற்பவர்கள் எல்லாரும் பச்சைக் குழந்தைகள். "பெட்டியைக்கூடத் திறக்கலைங்க" என்பார்கள். மிக்ஸி ஜாடியின் அடியில் பழச்சாறு காய்ந்து ஒட்டியிருக்கும். அப்படிப்பட்டவளிடம் வந்து ஃபுட்பால் பார்க்க வருகிறேன் என்கிறீர்கள்!

எட்டு வருஷமாக இந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்காதவருக்குத் திடீரென்று என் வீட்டுச் சோபாவின் மேல் என்ன பாசம்? அந்த வீட்டை விற்கப் போகிறீர்கள், என் கையெழுத்து வேண்டும். அல்லது நம் விவகாரத்தை வக்கீல் வைத்து முடித்துவிடலாம் என்று யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் முழங்கால் நிஜமாகவே போய்விட்டது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதில் எது? நேராகவே எழுதிவிடுங்கள், எனக்கு நேரம் மிச்சம்.

ஃபுட்பால் என்ற வார்த்தையை என்னிடம் எடுக்க உங்களுக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்றுதான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். சனிக்கிழமைகளை நான் மறக்கவில்லை. பக்கத்து ஊர் ஆட்டம் என்று போவீர்கள். ஆட்டம் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும், பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரம். நானும் குட்டியும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, உங்கள் தட்டை மூடி வைத்த பிறகும் வர மாட்டீர்கள். கேட்டால் ஒரே பதில். "ஆட்டம் முடிஞ்சதும் எங்களை உள்ள வெச்சு கேட்டைப் பூட்டிட்டாங்க." டிக்கெட் வாங்கி உள்ளே போன மனுஷர்களை, ஆட்டம் முடிந்த பிறகு எவனாவது பூட்டி வைப்பானா? சினிமா முடிந்தால் பூட்டுகிறார்களா? உங்கள் சிநேகிதரிடம் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். சொல்லிக் கொடுத்திருந்தீர்கள்.

அப்புறம் அந்த மஃப்ளர். உங்கள் ஸ்பேனர் பைக்குள், துணியில் சுற்றி, மஞ்சளும் நீலமும். கிரவுண்டு வாசலில் வாங்கியது என்றீர்கள். கடையில் வாங்கியதற்கு லேபிள் இருக்கும். அதில் லேபிள் இல்லை. நுனியை யாரோ பொறுமையாகக் கையால் முடிந்திருந்தார்கள். ஒரு பெண் உட்கார்ந்து பின்னியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பூட்டிய கேட்டும் அந்த மஃப்ளரும்தான் நான் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்ததற்குக் காரணம். உங்களுக்குத் தெரியும். தெரிந்தே அதே கதையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்.

குட்டியின் அம்மா


செப்டம்பர் 18

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

ஆக, சி.ஐ.டி. இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. சந்தோஷம்.

வீட்டை விற்கவில்லை. மழைக்குப் பின்சுவர் மட்டும் கொஞ்சம் ஊறுகிறது, பூசிவிட்டேன். வக்கீல் யாரையும் எனக்குத் தெரியாது. ஒரு வக்கீல் ஆபீஸ் லிஃப்ட்டை மட்டும் தெரியும், அது மூன்றாவது மாடியில் கதவு திறக்காது. முழங்காலைப் பார்த்துக்கொள்ள முழங்காலின் சொந்தக்காரனே போதும்.

எங்கள் டீம் அங்கே ஆடுகிறது, நான் பார்க்க வருகிறேன். அவ்வளவுதான். நம்புவதற்கு இதில் கஷ்டமாக என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கேட்டைப் பூட்டுவது உண்மை. வெளியூர் டீமுக்குக் கத்துகிறவர்களைத் தனியாக ஒரு மூலையில், கம்பி வேலிக்குள் உட்கார வைப்பார்கள். அதுதான் வெளியூர்க்காரர் பக்கம். போக வர வேறு கேட். ஆட்டம் முடிந்ததும் உள்ளூர் ஜனம் மொத்தமும் கலைந்து போகிற வரைக்கும் எங்களை விட மாட்டார்கள், தெருவில் கைகலப்பு ஆகிவிடக் கூடாது என்று. மஃப்ளரைப் பைக்குள் சுற்றி வைப்பதும் அதனால்தான். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுத்த ஊர்த் தெருவில் நடந்தால் அடி விழும்.

இதையெல்லாம் அப்போதே சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவே பொய் மாதிரி எனக்கே கேட்க ஆரம்பித்துவிடுகிறது. அது என் குணம், என்ன செய்ய.

இரண்டு ஆட்டத்துக்கும் எங்கள் கிளப் ஆபீஸில் டிக்கெட் சொல்லியாகிவிட்டது. பஸ்ஸும் போட்டுவிட்டேன். சோபா விஷயம் மட்டும் உன் கையில்.

இப்படிக்கு,
குட்டி அப்பா


செப்டம்பர் 26

குட்டியின் அப்பாவுக்கு,

மாட்டிக்கொண்டீர்கள்.

எங்கள் கடை வாசலில் ஒரு செக்யூரிட்டி அண்ணன் இருக்கிறார். பெரிய கிளப் என்றால் உயிர். அவர் பெண்ணின் பிறந்த நாள் மறந்தாலும் ஆட்ட நாள் மறக்காது. பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன். "சனிக்கிழமை பெரிய கிளப் ஆட்டத்துக்குப் போறீங்களா அண்ணே?"

"சனிக்கிழமை ஏதும்மா ஆட்டம்? கிரவுண்டே பூட்டியிருக்கும்."

பேப்பரையும் மடித்துக் காட்டினார். சனிக்கிழமைக்கு எதிரே பெரிய கிளப்பின் பெயரே இல்லை. பஸ் போட்டாகிவிட்டது, டிக்கெட் சொல்லியாகிவிட்டது என்று எழுதுகிற மனுஷருக்கு ஆட்டம் எந்த நாள் என்று தெரியவில்லை! இல்லாத ஆட்டத்துக்கு என் ஊருக்கு வந்து சனிக்கிழமை பூராவும் எங்கே இருப்பதாக உத்தேசம்? மறுபடியும் ஒரு சனிக்கிழமை. உங்களுக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கிழமை மாறவே மாறாது போலிருக்கிறது.

குட்டியையும் கேட்டேன். அவளுக்கும் இதில் பங்கு இருக்கும் என்று என் கணக்கு. "அம்மா, அப்பா மேட்ச் பார்க்க வர்றார். மேட்ச் பார்க்க வர்றவங்க மேட்ச் பார்க்கத்தான் வருவாங்க" என்கிறாள். உங்களுக்கு வக்கீலே வேண்டாம், பெற்று வைத்திருக்கிறோம்.

சோபா கிடையாது. என் கவுண்டரில் யார் எந்தப் பொருளைக் கொண்டு வந்தாலும் முதலில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வேன். நீங்கள் பெட்டியைத் திறக்கிற மாதிரி தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடும் வேண்டாம், நீங்கள் எதையும் விட்டுத் தரவும் வேண்டாம். அந்தச் சனிக்கிழமைகளில் எங்கே இருந்தீர்கள் என்று உண்மை தெரிந்தால் போதும். எட்டு வருஷமாக, கவுண்டரில் ஆள் இல்லாதபோதெல்லாம் அதைத்தான் யோசிக்கிறேன்.

குட்டியின் அம்மா


அக்டோபர் 3

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது. டி.வி.க்காரர்கள் கேட்டால் ஆட்ட நாளை மாற்றிவிடுவார்கள். இந்தப் பிரிவில் எப்போதும் அப்படித்தானாம். கீழ்ப் பிரிவில் எங்களை எந்த டி.வி.யும் சீண்டவில்லை, அதனால் எனக்கும் இது புதுசு. நான் முதல் கடிதம் எழுதிய அடுத்த வாரம் மாற்றினார்கள். திரும்பி வரும் பஸ்ஸையும் மாற்றிப் போட்டேன். உனக்கு எழுத மறந்துவிட்டேன். உன் செக்யூரிட்டி அண்ணனையே கேள், முதலில் எந்த நாள் இருந்தது என்று.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சொல்லிவிட்டேன். நீ சங்கடப்பட வேண்டாம்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே. கோபம் எல்லாம் இல்லை. ஆனால் வலிக்கிறது. ஒரு மனுஷன் ஒரு ஊருக்கு ஆட்டம் பார்க்கப் போவதற்கு இத்தனை சாட்சி வேண்டியிருக்கிறதா? இருபது வருஷம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தேன். அதில் எத்தனை தடவை என் பையைத் திறந்து பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? ஸ்பேனர்கள் எல்லாம் வரிசை மாறி இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
குட்டி அப்பா


அக்டோபர் 13

குட்டியின் அப்பாவுக்கு,

செக்யூரிட்டி அண்ணனைக் கேட்டேன். முதலில் சனிக்கிழமைதான் இருந்ததாம். சரி. அது ஒன்றில் உங்களை விட்டுவிடுகிறேன்.

ஆனால் லாட்ஜ் என்று கேள்விப்பட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருப்பதே மூன்று லாட்ஜ்தான். மூன்றுக்கும் போன் போட்டேன். இரண்டாவதில் உங்கள் பேர் இருந்தது.

"அந்தப் பேர்ல டபுள் ரூமா சிங்கிள் ரூமா?"

"சிங்கிள்தான்மா. ஒரு ஆள். முழங்கால் வலி, கீழ் ரூம் வேணும்னு கேட்டிருக்கார். நீங்க அவருக்கு யாரும்மா?"

அதைத்தான் நானும் ரொம்ப நாளாக யோசிக்கிறேன் என்று சொல்லாமல் போனை வைத்தேன்.

சிங்கிள் ரூம் என்பதால் ஒன்றும் நிரூபணம் ஆகிவிடவில்லை. அவள் இந்த ஊர்க்காரியாக இருந்தால் அவளுக்கு ரூம் எதற்கு? இதையும் எழுதிவிடுகிறேன், மனசுக்குள் வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது.

வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், முழங்காலுக்கு. குட்டி பிறந்தபோது எனக்குக் கொடுத்தீர்களே, அந்த ரப்பர் பை பரண் மேல்தான் இருக்கும், நீல டப்பாவில்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. எதற்கு எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள்.

குட்டியின் அம்மா


அக்டோபர் 30, லாட்ஜ்

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நேற்று துறைமுகக் கிளப்போடு சமன். கோல் ஒன்றும் விழவில்லை. எங்கள் கோல்கீப்பர் பிடித்த ஒரு பந்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நாலு பக்கம் ஆகும், உனக்குப் பொறுமை இருக்காது, விடு. ஆட்டம் முடிந்ததும் வழக்கம் போலக் கேட்டைப் பூட்டினார்கள். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை உன் செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். கையில் கொடுக்கவில்லையே என்று கேட்பாய். அதையும் சொல்கிறேன்.

இன்று காலை உன் கடைக்கு வந்தேன். ஃபிரிட்ஜுகள் நிற்கிற வரிசைக்குப் பின்னால் நின்றேன். ஒருத்தர் இஸ்திரிப் பெட்டி கொண்டு வந்திருந்தார். "வாங்கினதுலேர்ந்து சுடவே இல்லைங்க. ஒரு தடவைகூடத் தேய்க்கலை." நீ கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பெட்டியைத் திருப்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாய். "அடியில ஒரு நீல பட்டன் உருகி ஒட்டியிருக்குங்களே. இது எங்க கம்பெனி கூடக் கொடுக்கறது இல்லையே." வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சம். இந்த முகம் எனக்குப் புதுசு இல்லை. என் பையைச் சோதிக்கும்போது இதே மாதிரிதான் இருப்பாய். ஆனால் வீட்டில் சோதித்து முடித்ததும் அழுவாய். இங்கே அடுத்த ஆளைக் கூப்பிட்டாய். என்னைப் பார்த்தால் அந்த வெளிச்சம் அணைந்துவிடும் என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன்.

நான் எதற்கு வந்தேன் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். ஆட்டத்துக்குத்தான் வந்தேன். இங்கே ஆட்டம் இல்லையென்றால் வந்திருக்க மாட்டேன். ஆனால் ஆட்ட அட்டவணை வந்த அன்று அதில் உன் ஊர் பெயரைப் பார்த்ததும், டீம் மேலே ஏறிய அன்றைக்கு இருந்ததைவிடச் சந்தோஷமாக இருந்தது. இரண்டும் உண்மை. நம்பினால் நம்பு.

ஞாயிறு ஆட்டம் முடிந்து கேட்டைத் திறந்ததும் அப்படியே பஸ். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
குட்டி அப்பா


நவம்பர் 5

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

முதல் வார்த்தையைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் பெரிய கிளப் கிரவுண்டுக்கு வந்தேன். உங்களைப் பிடிக்கத்தான் வந்தேன், வேறு எதற்கும் இல்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகும்தான். படித்த பிறகு இன்னும் அதிகமாக. இவ்வளவு நன்றாக எழுதுகிற ஆள் இல்லையே இவர் என்று.

டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? "வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார், அவரைப் பார்க்கணும்" என்றேன். மிச்சம் இருந்த வெளியூர்க்காரர் பக்க டிக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டாள். வாசலில் ஒரு பெண் காவலர் என் பையை வாங்கித் திறந்து, கைவிட்டு, பர்ஸ், கண்ணாடிக் கூடு, குடை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள். குடையை உள்ளே கொண்டு போகக் கூடாதாம். என் பையை இதுவரை யாரும் சோதித்ததில்லை. எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

உள்ளே ஏறினேன். குட்டி அப்பா, நான் பார்த்ததைச் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான பேர். எல்லார் கழுத்திலும் அதே மஃப்ளர். மஞ்சளும் நீலமும். எட்டு வருஷமாக ஒரு பெண்ணின் விரல்களை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன், அவளுக்கு முகம்கூடக் கொடுத்து வைத்திருந்தேன். அவள் ஒருத்தியாக இத்தனை பேருக்குமா பின்னினாள்? பக்கத்து சீட்டுக்காரரின் மஃப்ளர் நுனியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். லேபிள் இல்லை. கையால் முடிந்திருந்தது.

"என்னக்கா பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. இதை யார் பின்றாங்க?"

"எங்க கிரவுண்டு வாசல்ல ஒரு அண்ணன், பெரிய மீசை, மிஷின்ல போடுவார். நுனி மட்டும் கையால முடிவார். எங்கப்பா காலத்துலேர்ந்து அவர்தான்."

பெரிய மீசை! நான் சிரித்தேனா அழுதேனா என்று அவருக்கே குழம்பியிருக்கும். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நீங்கள் நாலைந்து வரிசை கீழே இருந்தீர்கள். இரண்டு பக்கமும் முன்பின் தெரியாதவர்கள். கோட்டுக்குள்ளிருந்து மஃப்ளரை எடுத்து, உதறி, போட்டுக்கொண்டீர்கள். அப்புறம் பாட ஆரம்பித்தீர்கள். நீங்கள் பாடுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், குளிக்கும்போதுகூட நீங்கள் பாடிக் கேட்டதில்லை. மூன்று கோல் வாங்கித் தோற்றீர்கள். மூன்றாவது கோல் விழுந்த பிறகு இன்னும் சத்தமாகப் பாடினீர்கள். குட்டியை முதன்முதலாகக் கையில் வாங்கினபோது பார்த்த முகம் அது. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, அந்த ஜனம் எல்லாம் பார்த்திருக்கிறது.

நீங்கள் சொன்னது எல்லாம் உண்மை என்று தெரிந்ததும் நிம்மதி வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? எனக்கு வரவில்லை. ஒரு பெண்ணாக இருந்திருந்தால் அவளோடு சண்டை போட்டிருப்பேன். ஒரு பந்தோடும் நூற்றுக்கணக்கான ஆண்பிள்ளைகளோடும் நான் எப்படிச் சண்டை போடுவது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இத்தனை சனிக்கிழமைகளில் ஒரே ஒரு தடவை, "நீயும் வர்றியா?" என்று கேட்டிருக்கலாமே. இப்போதும் கேட்கவில்லை. ஞாயிறு எனக்கு லீவு என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு பொம்பளை என்ன எழுதுவாள்?

ஆட்டம் முடிந்தது. கீழே இறங்கினால் கேட் பூட்டியிருந்தது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு காவலாளிப் பெண்ணிடம் சண்டைக்குப் போனேன். "நான் இந்த ஊர்க்காரிம்மா! மார்க்கெட் பின்னால என் வீடு. என்னை விடு." அவள் என் டிக்கெட்டைப் பார்த்தாள். "இந்தப் பக்கம் உட்கார்ந்தா வெளியூர்தான்க்கா. உள்ளூர் ஜனம் போகட்டும்." "உள்ள வெச்சு கேட்டைப் பூட்டிட்டாங்க" என்ற உங்கள் வாக்கியத்தை நான் என்னவெல்லாம் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறேன்! நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் மூடி வைத்த தட்டு ஞாபகம் வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நீங்கள் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அப்போது கூட்டத்தில் ஒரு அம்மா மூச்சு வாங்க ஆரம்பித்தாள். அவளுக்கும் இது முதல் தடவை போல. "திறங்க, திறங்க" என்று கேட்டைத் தள்ளினாள். நீங்கள் எங்கிருந்தோ வந்தீர்கள். என் தோளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றீர்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளிடம் சொன்னீர்கள், "தள்ளாதீங்கம்மா. தள்ளினா திறக்காது. தானா திறப்பாங்க. அதுவரைக்கும் பேசிட்டிருப்போம். உங்களுக்கு எந்தத் தெரு?" அவளும் தெருவைச் சொன்னாள், பிள்ளைகளைச் சொன்னாள், மாமியாரைச் சொன்னாள். கேட் திறக்கிற வரைக்கும் நீங்கள் விடாமல் பேசினீர்கள். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று பேசுவீர்கள் என்று குட்டி சொல்லியிருக்கிறாள். நான் நேரில் கேட்டதில்லை.

குட்டி அப்பா, வீட்டில் நானும்தான் உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டிருந்தேன். என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள்.

மன்னிப்பு கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கச் சொல்லவில்லை. இருவருக்கும் சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்வோம். கேட் திறந்தபோது உங்களைக் கூப்பிட வாயைத் திறந்தேன். "உங்களைப் பிடிக்க வந்தேன், பிடிபடவில்லை" என்று நடுத்தெருவில் எப்படிச் சொல்வது? நீங்கள் மஃப்ளரைக் கழற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, வலது காலை லேசாக இழுத்தபடி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்விட்டீர்கள். ரப்பர் பையைப் பரணிலிருந்து எடுக்கவில்லை என்று அந்த நடையைப் பார்த்தாலே தெரிந்தது. அதில் மட்டும் என் சந்தேகம் சரி.

செக்யூரிட்டி அண்ணன் சொல்கிறார், பிப்ரவரியில் பெரிய கிளப் உங்கள் ஊருக்கு ஆட வருகிறதாம். அவரிடம் சொல்லி எனக்கும் ஒரு டிக்கெட் கேட்டிருக்கிறேன். நான் வெளியூர்க்காரர் பக்கம்தான் உட்காருவேன். மஞ்சள் நீலத்துக்குக் கத்தச் சொன்னால் கத்த மாட்டேன், நான் எங்கள் ஊர். நீங்கள் உங்கள் பக்கம் பாடுங்கள், எனக்குக் கேட்கும். டி.வி.க்காரர்கள் ஆட்ட நாளை மாற்றினால் இந்தத் தடவை எழுத மறக்காதீர்கள். பின்சுவரை நிஜமாகவே பூசினீர்களா என்றும் வந்து பார்க்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் வாசலில் நில்லுங்கள். நான் உடனே வர மாட்டேன், நேரமாகும். எல்லாரும் போன பிறகும் என்னைக் காணவில்லையே என்று தோன்றும். போய்விடாதீர்கள். உள்ளே வைத்துக் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். நம்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சி.ஐ.டி.